சோசிக்கூரை எங்கே? முத்துக்குளித்துறையில் தொலைந்த ஓர் ஊர்ப்பெயர்



தூத்துக்குடி வரலாற்றைச் சொல்லும் நூல்களிலும் விழா மலர்களிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். கிரேக்க நிலநூலார் தாலமி 2ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஊரைக் குறிப்பிட்டிருக்கிறார், அவர் எழுதிய பெயர் 'சோசிக்கூரை' என்பதே அந்தச் செய்தி. படிக்கிற தூத்துக்குடிக்காரர் யாருக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் அந்தப் பெயரையும் இந்த ஊரையும் சேர்த்துப் போட்ட முடிச்சு எவ்வளவு இறுகியது என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். இன்றைய பேச்சு அதற்காகத்தான். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோசிக்கூரை தூத்துக்குடி இல்லை. அது வேறோர் ஊர். கொற்கைக்குத் தெற்கே, குமரிக்குப் போகும் வழியில் எங்கோ இருந்து மறைந்த ஊர். அதைத் தேட வேண்டிய இடத்தில் நாம் இன்னும் தேடத் தொடங்கவில்லை.

முதலில் தாலமி. அவர் வாழ்ந்தது எகிப்தின் அலெக்சாந்திரியாவில். நிலநூலை எழுதிய காலம் கி.பி. 150ஐ ஒட்டி. இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. கடலோடிகளும் வணிகரும் சொன்னவற்றையும், தைர் நகரத்து மாரினோஸ் போன்ற முன்னோரின் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, உலகத்து ஊர்களுக்கெல்லாம் அகலாங்கும் நெட்டாங்கும் கணக்கிட்டுப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் குமரியைத் தாண்டியதும் நம் கரை வருகிறது. 'கரேயோய்' என்னும் மக்களின் நாடு, கொல்கிக் வளைகுடா, அங்கே முத்துச்சிப்பிக்காக மூழ்குகிறார்கள் என்று ஒரு குறிப்பு. அதன்பின் வரிசையாக மூன்று பெயர்கள்: சோசிக்கூரை, வணிகத்துறையான கொல்கோய், சோலேன் என்னும் ஆற்றின் முகத்துவாரம். அவ்வளவுதான். சோசிக்கூரையைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடல் பெரிப்ளூஸ்' கொல்கோயையும், அங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்ததையும், அது பாண்டியனுக்கு உரியது என்பதையும் சொல்கிறது. ஆனால் சோசிக்கூரையைச் சொல்லவில்லை. ரோமானியச் சாலைப்படமான பியூட்டிங்கர் படத்திலும் கொல்கோய் இருக்கிறது, இது இல்லை.

கொல்கோய் என்பது கொற்கை. அதில் ஐயமில்லை. சோலேன் தாமிரபரணி என்பதும் பெரும்பாலோர் ஏற்றது. கரேயோய் என்பதற்குக் கரையில் வாழ்பவர், கரையார் என்று கால்டுவெல் பொருள் கண்டார், நல்ல விளக்கம். எஞ்சியது சோசிக்கூரை ஒன்றுதான். கொற்கை போக இந்தக் கரையில் பேர்பெற்ற துறை எது என்று 19ஆம் நூற்றாண்டில் கேட்டிருந்தால், எவரும் தூத்துக்குடி என்றே சொல்லியிருப்பார்கள். 1885இல் மெக்கிரிண்டில் தாலமியின் இந்தியப் பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, ச-வைத் த-வாக மாற்றிக்கொண்டால் சோசிக்கூரை 'டூட்டிக்கொரின்' ஆகிவிடும் என்ற விளக்கம் அதில் இடம்பெற்றது. அங்கிருந்து மாவட்ட விவரச் சுவடிகளுக்கும், பாடநூல்களுக்கும், விழா மலர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. வழியில் எங்கோ 'ஆகலாம்' என்பது உதிர்ந்து 'ஆகும்' என்பது நிலைத்துவிட்டது.

இனி அந்த முடிச்சை இழுப்போம்.

சோசிக்கூரைக்கும் டூட்டிக்கொரினுக்கும் உள்ள ஒற்றுமையில் நம் காதைக் கவர்வது எது? பின்பாதியில் வரும் 'கூர்', 'கொர்' தான். ஆனால் இந்த ஊர்க்காரர் எவரும் தம் ஊரை 'கொரின்' என்று முடித்ததில்லை. அது குடி. 'குடி' எப்படிக் 'கொரின்' ஆயிற்று? உயிருக்கு நடுவே வரும் நம் டகரம் நாவை மடித்து வருடி எழுகிற ஒலி. 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த போர்த்துகீசியருக்கு அது ரகரமாகக் கேட்டது. தரங்கம்பாடி ஐரோப்பியர் வாயில் டிராங்கிபார் ஆனதும் இவ்வகை மாற்றமே. கடைசியில் ஒட்டிக்கொண்ட னகரமும் போர்த்துகீசியர் மூக்கொலி தந்தது. கொச்சியைக் கொச்சின் ஆக்கியவர்கள், குமரியைக் கொமொரின் ஆக்கியவர்கள், தூத்துக்குடியை டூட்டிக்கொரின் ஆக்கினார்கள். கால்டுவெல்லும் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் அந்த னகரத்துக்கு இந்த இரு பெயர்களையே சான்றாகக் காட்டுகிறார். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதங்களில் ஊர் இந்த ஐரோப்பிய வடிவில்தான் வருகிறது. ஆக, சோசிக்கூரையோடு நாம் ஒப்பிடுவது 2ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பெயரையன்று, 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் காதில் விழுந்த பெயரை. தமிழ்ப் பெயரை வைத்து ஒப்பிட்டால் அந்த ஒற்றுமையில் பாதி கலைந்துவிடும்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதை மறைப்பது முறையாகாது. கிரேக்கர் காதுக்கும் நம் டகரம் ரகரமாகக் கேட்டிருக்கிறது. குஜராத்தின் லாட நாட்டைத் தாலமி 'லாரிகே' என்கிறார். அப்படியானால் குடியும் அவருக்குக் 'கூர்' என்று போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று கேட்டால், சேர்ந்திருக்கலாம். பின்பாதியை வைத்து மட்டும் வழக்கைத் தள்ளிவிட முடியாது.

முன்பாதிதான் இடிக்கிறது. சோழரைக் குறிப்பதாக அறிஞர் கொள்ளும் பெயர் தாலமியிடம் 'சோரா' என்று இருக்கிறது. வடக்கே சந்திரகுப்தனைக் கிரேக்கர் 'சாந்திரகொத்தோஸ்' என்றார்கள். நம் சகர ஒலிக்கு அவர்கள் எடுத்த எழுத்து சிக்மா. நம் தகரத்துக்கு என்ன செய்தார்கள்? மதுரையைத் தாலமி 'மொதூரா' என்கிறார். தகரம் தகர இனமாகவே நிற்கிறது, சகரமாகவில்லை. தூத்துக்குடியில் ஒன்றுக்கு மூன்று தகரம் இருக்கிறது. அத்தனையும் சகரமாகக் கேட்டது என்று கொள்வதானால் அதற்கு வேறொரு பெயரிலாவது சான்று வேண்டும். இந்தக் கரையில் அப்படி ஒரு சான்று எனக்குக் கிட்டவில்லை.

அடுத்தது வரிசை. இதை ஒப்பீட்டுக்காரர்கள் கவனித்திருந்தால் அங்கேயே நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தாலமி குமரியிலிருந்து கிழக்கு நோக்கிக் கரையோரமாக வருகிறார். சோசிக்கூரை முதலில், கொற்கை அடுத்து, தாமிரபரணி முகம் அதற்கடுத்து. அதற்குப் பின் பாண்டியன் நாட்டுப் பகுதியும் கோரி முனையும் வருகின்றன. தூத்துக்குடியோ கொற்கைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே, ஆற்று முகத்தையும் தாண்டி இருக்கிறது. குமரியிலிருந்து தோணியில் வருகிறவன் கொற்கைக்கு முன் தூத்துக்குடியைப் பார்க்கவே முடியாது. தாலமியின் பாகைக் கணக்கில் பிழைகள் மலிந்திருக்கின்றன. இந்தியாவின் முக்கோண வடிவத்தையே அவர் தட்டையாக்கிவிட்டார். ஆனால் ஊர்களின் வரிசை கடலோடிகள் சொன்னது. இன்ன துறைக்கு அடுத்தது இன்ன துறை என்பது கடலோடிக்கு மனப்பாடம். பாகை பிசகிய இடத்திலும் வரிசையை நம்பலாம் என்பது என் துணிபு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒரே பதிவில் வரும் மூன்று பெயர்களையும் கிரேக்கக் கண்ணோடு பாருங்கள். கொல்கோய் என்றால் கிரேக்கருக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். கருங்கடல் ஓரத்தில், பொன் ஆட்டுத்தோல் கதை நடந்த நாட்டு மக்கள் அவர்கள். சோலேன் என்பது கிரேக்கத்தில் குழாய், கால்வாய். நீண்ட குழல் போன்ற ஒரு வகைச் சிப்பிக்கும் அதே பெயர். சோசிக்கூரையிலோ 'சோசி' என்பது சோசிக்ராதேஸ், சோசிகேனேஸ் என்று கிரேக்க ஆட்பெயர்களின் தலையில் நிற்கும், காத்தலைக் குறிக்கும் சொல். 'கூரை' என்பது கிரேக்கக் காப்பிய மொழியில் கன்னியர். மூன்று பெயரும் கிரேக்கச் சொல்லின் சாயலில் இருப்பது தற்செயலாக இருக்க இயலாது என்று எனக்குத் தோன்றுகிறது. அயல்மொழிப் பெயர் வாயில் நுழையாதபோது, தெரிந்த சொல்லின் அச்சில் அதை ஊற்றிக்கொள்வது எல்லா மக்களிடமும் உள்ள பழக்கம். கொற்கைக்கு மூலப்பெயர் நம் சங்க நூல்களில் இருக்கிறது. அதனால் 'கொல்கோய்' எவ்வளவு திரிந்தது என்று அளந்து சொல்ல முடிகிறது. சோசிக்கூரைக்கு அப்படி அளவுகோல் இல்லை. மேலும் தாலமியின் நிலநூலில் நம் கைக்குக் கிடைத்த பழைய பிரதிகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக, இந்தக் கரையைக் கண்டிராத கைகள் பெயர்த்தெழுதிய பெயர் அது. ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் ஊரைக் கண்டுபிடிக்க நினைப்பது வீண்.

அப்படியானால் 'தூத்துக்குடி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தொலைந்த பெயரை விட்டுவிட்டு, இருக்கிற பெயரைச் சற்று நின்று பார்ப்போம்.

ஊரில் வழங்கும் விளக்கம் தூது. அனுமன் தூது சென்ற கதையோடு ஊரை இணைப்பார்கள். ஊருக்குத் திருமந்திர நகர் என்றும் பெயர் உண்டு. மந்திரம் ஓதியபோது கடல் அலையோசையை அடக்கிக்கொண்டது என்பது தலத்துக் கதை. இங்கே கடல் அமைதியாக இருப்பது உண்மை. முன்னே முயல் தீவும் பாண்டியன் தீவும், சற்று வடக்கே வான் தீவு, காசுவாரித் தீவு, காரைச்சல்லித் தீவு என்று சிறு தீவுகளும் பவளப்பாறைகளும் இருந்து அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. மணப்பாட்டில் நின்று கடலைக் கேட்டவர்களுக்கு வேறுபாடு தெரியும். கண்ணால் கண்டதற்குக் கதை கட்டிய நம் முன்னோர் கூர்மையானவர்கள். ஆனால் பெயருக்குத் தூது பொருந்தாது. தூது என்பதோடு குடி சேர்ந்தால் தூதுக்குடி ஆகும். நடுவில் ஒரு தகர ஒற்று கூடுவதற்கு இலக்கணத்தில் இடமில்லை.

ஐரோப்பியர் சொன்னவை சில. 18ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரையில் பணியாற்றிய பாவுலீனோ பாதிரியார், வலை துவைக்கும் இடம் என்று பொருள் சொன்னார். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, அவர் சொல்லை நம்புவதற்கில்லை என்று ஒதுக்கிவிட்டது. சரியாகவே ஒதுக்கியது, 'துவைத்து' எந்த வழியிலும் 'தூத்து' ஆகாது.

கால்டுவெல் கேட்டறிந்து எழுதியது வேறு. கிணற்றைத் தூர்த்தல் என்பதிலிருந்து தூர்த்துக்குடி, அதாவது கிணறுகள் தூர்ந்துபோகிற ஊர். தூர் வாருதல் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தத் தூர். பார்த்து என்பது பாத்து ஆவது போல, சேர்த்து என்பது சேத்து ஆவது போல, தூர்த்து என்பது நம் வாயில் தூத்து ஆகும். மணற்பாங்கான கரை, கிணறு வெட்டினால் மணல் சரியும். கொற்கையும், அதன்பின் மார்க்கோ போலோ கண்ட காயலும் வண்டல் மேடிட்டே துறைமுகத் தகுதியை இழந்தன. கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆகவே இந்த விளக்கம் நிலத்துக்கு ஒட்டுகிறது. கால்டுவெல்லும் அதைத்தான் சொன்னார்: உண்மையோ இல்லையோ, பொருத்தமாக இருக்கிறது என்று. அந்த நிதானத்துக்காக அவரை மதிக்கிறேன். இடிப்பது இலக்கணம். 'தூர்த்து' வினையெச்சம், அது குடி என்ற பெயரைத் தழுவாது. தூர்த்த குடி என்றோ தூர்குடி என்றோ வந்திருக்க வேண்டும்.

ஹாப்சன் ஜாப்சன் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போன இன்னொரு விளக்கம் இருக்கிறது. தூறு. புதர் என்று பொருள். என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நெட்டெழுத்தை அடுத்து று வந்தால், வேற்றுமைப் புணர்ச்சியில் ஒற்று இரட்டிக்கும் என்பது நன்னூல் படித்த எவருக்கும் தெரியும். ஆறு, ஆற்றுநீர். சோறு, சோற்றுப்பானை. அவ்வாறே தூறு, தூற்றுக்குடி. அடுத்து, ற்ற என்பது நம் பேச்சில் த்த ஆகும். காற்று காத்து, நேற்று நேத்து. தூற்றுக்குடி தூத்துக்குடி ஆயிற்று. ஒரு படிகூடத் தாண்ட வேண்டியதில்லை. எழுத்திலும் அந்தப் பேச்சு வடிவமே நிலைக்குமா என்றால், நிலைத்ததற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் முக்காணிக்கு அருகே உள்ள ஆத்தூர் பழைய ஆற்றூர்தான். இராசபாளையம் பக்கத்துச் சேத்தூர் பழைய சேற்றூர். நிலத்தோடும் இது ஒட்டுகிறது. இந்தக் கரையின் ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள்: புன்னைக்காயல், வேம்பார், ஆலந்தலை, பெரியதாழை, கூடுதாழை. இதே தூத்துக்குடிக்குத் தெற்கே துறைமுகத்தை ஒட்டி முள்ளக்காடு. மரமும் செடியும் முள்ளும் பார்த்துப் பெயரிட்ட மக்கள், உடைமரமும் புதரும் மண்டிய கரையில் குடியேறிய இடத்தைத் தூற்றுக்குடி என்று சொல்லியிருப்பார்கள். சென்னை அரசின் சொற்றொகுதியில் தூற்றுதல், சிதறுதல் என்று ஒரு பொருள் உண்டு. சிதறிய குடிகள் என்பது அதன் கருத்து. அதுவும் இதே ற்றகர வழிதான். ஆனால் வினைப்பகுதியை விடப் பெயர்ச்சொல் இங்கே இயல்பாக அமைகிறது.

இது மெய்யானால் சோசிக்கூரைக் கருத்துக்கு இன்னும் ஓர் அடி விழுகிறது. தாலமியின் காதில் நம் றகர ஒலி எப்படி விழுந்தது என்பதற்குப் பக்கத்துப் பெயரே சாட்சி. கொற்கையின் றகரம் அவரிடம் லகரமாகியிருக்கிறது, சகரமாகவில்லை. ஒரே பட்டியலில் அடுத்தடுத்த பெயர்களில் ஒரே ஒலி இரண்டு விதமாகக் கேட்டது என்று சொல்ல நேரும்.

ஊரின் பெருமை குறைகிறதே என்று எவரும் வருந்த வேண்டாம். பரதவரின் தலைவர் இருந்த ஊர் இது. பனிமயமாதா கோவிலின் ஊர் இது. 1658இல் டச்சுக்காரரும் 1825இல் ஆங்கிலேயரும் கைக்கொண்ட துறை இது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது இங்கே. புதரை வெட்டிக் குடியேறியவர்கள் இதையெல்லாம் உண்டாக்கினார்கள் என்றால் அதைவிடச் சிறந்த பழமை எது? பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றியும் அவ்வப்போது சர்ச்சை வருகிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாளில் திரும்பப் பெற்றது. நம் ஊரும் அதில் இருந்தது. எழுத்துக்கூட்டலுக்குச் செலவிட்ட அக்கறையில் கொஞ்சம் பெயரின் வேருக்கும் செலவிடலாம்.

மீண்டும் சோசிக்கூரைக்கு வருகிறேன். அது எங்கே? குமரிக்கும் கொற்கைக்கும் இடையே உள்ள கரையில் கூத்தன்குழி, உவரி, பெரியதாழை, மணப்பாடு, குலசேகரப்பட்டினம், ஆலந்தலை, திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம் என்று ஊர்கள் வருகின்றன. இவற்றில் இயற்கையே துறையாக அமைத்துத் தந்த இடம் மணப்பாடு. உயர்ந்த மணல்மேட்டு முனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. கருமேனி ஆறு அங்கே கடலில் சேர்கிறது. குமரியிலிருந்து வருகிற மரக்கலத்துக்கு முதலில் தென்படும் தெளிவான அடையாளம் அந்த முனைதான். பக்கத்தில் குலசேகரப்பட்டினம் பல காலம் துறையாக இருந்த ஊர். சோசிக்கூரை இவற்றில் ஒன்றுதான் என்று நான் அறுதியிடவில்லை. தேடுவதற்குப் பொருளுள்ள இடம் இது என்கிறேன்.

எதைத் தேடுவது? கொற்கையில் மாநிலத் தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்தபோது கிடைத்த கரியைச் சோதித்ததில் கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை காலம் போயிற்று. வடக்கே அழகன்குளத்தில் ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன. கொற்கைக்குத் தெற்கே உள்ள கரையில் தேரி என்னும் செம்மணல் மூடிய மேடுகளில் மேற்பரப்பு ஆய்வாவது ஊர் ஊராக நடக்க வேண்டும். அதைவிட எளிதான வேலை ஒன்று மாணவர்களுக்கு இருக்கிறது. வயல், கேணி, மேடு, உப்பளம், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பங்குக் கோவில்களின் பழைய பதிவேடுகளில் இன்று வழங்காத ஊர்ப்பெயர்கள் இருக்கும். பங்குத் தந்தையரிடம் இசைவு பெற்றுப் படியுங்கள். கடலுக்குள் உள்ள பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். முத்துப் படுகைகளைப் பார் என்பார்கள். தோலாயிரம் பார் போல ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கரையில் ஊர் அழிந்தாலும், அந்த ஊரின் நேரே இருந்த பாருக்கு அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. முத்துக்குளிப்பைச் சலாபம் என்று சொன்ன வழக்கம் மறைந்தும், இலங்கைக் கரையில் சிலாவத்துறை என்று ஊர் நிற்கிறதே. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதில் மூழ்கியவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல் வயது. அவர்களில் எத்தனை பேர் பாரின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

இன்னொரு காரணமும் அவசரப்படுத்துகிறது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. நாட்டுக்கு வேண்டிய பணி, நடக்கட்டும். ஆனால் அதையொட்டிச் சாலையும் தொழிற்கூடமும் குடியிருப்பும் வரும், மண் புரளும். மண் புரளுமுன் மணப்பாட்டிலிருந்து ஆலந்தலை வரை ஒருமுறை நடந்து, ஓடு பொறுக்கி, பெயர் குறித்து, படம் வரைந்து வைத்துவிட வேண்டும். இந்த அவையில் வரலாற்றுத்துறை மாணவர்களும் தமிழ்த்துறை மாணவர்களும் சேர்ந்தே அமர்ந்திருக்கிறீர்கள். இந்த வேலைக்கு இரு துறையும் வேண்டும். வரும் கோடை விடுமுறையில் கருமேனி ஆற்று முகத்திலிருந்து தொடங்குங்கள், வருகிறேன்.